ஜும்ஆ நேரத்தில் நின்றுபோன அப்டேட்

கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, மச்சானின் கடைக் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத் திட்டு. அவ்வளவுதான்!

மச்சான் நஸீர் என் மனைவியின் தம்பி. கல்முனை பஜாரில் டெலிபோன், இன்டர்நெட், போட்டோகொப்பி எல்லாம் உள்ள கொமினிகேஷன் கடை நடத்துகிறான். சுனாமியில் கடை முழுவதும் போய், மறுபடி எழுப்பியவன். வைரஸோடு மல்லுக்கட்டி அலுத்து, என் பேச்சைக் கேட்டு லினக்ஸுக்கு மாறினான். லினக்ஸ் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்... இது ஒரு தாயின் விஷயம்.

பாண்டிருப்பு செல்வராணி அக்கா அன்று நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. சண்டைக் காலத்தில் கனடா போன அவருடைய மகனோடு டெலிபோனில் கதைப்பார். ஆனால் கடைசியாக முகம் பார்த்தது சுனாமிக்கு முன்னர்! அங்கே விடியற்காலை, வேலைக்குப் போகுமுன், அவன் கேமராவின் முன் காத்திருப்பான். கடையின் புதுக் கேமரா வேலை செய்ய அப்டேட் தேவைப்பட்டது. காலையில் அதை ஓடவிட்டேன். "தானா முடியும், கம்ப்யூட்டரைத் தொடாதீங்க" என்று நஸீரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

"அல்லாஹ்வறிய நான் தொடல்ல மச்சான்" என்றான் நஸீர். "மெயினத்தான் நிப்பாட்டின."

"ஏன்?"

"ஜும்ஆவுக்குக் கடை பூட்டக்குள்ள மெயின நிப்பாட்டாமப் போறதா?"

நியாயம்தானே? எங்கள் பஜாரில் வெள்ளிக்கிழமை ஷட்டரை இழுக்குமுன் மெயின் சுவிட்சை இறக்குவார்கள். கை தானாகவே அங்கே போகும். லினக்ஸ் எழுதியவர்களுக்குக் கல்முனை ஜும்ஆ தெரியுமா என்ன?

"விண்டோஸையே போடுவமா?" என்று கேட்டான் நஸீர்.

"போடுறல்ல. இரிங்க!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பாதியில் நின்ற மென்பொருள் பொதிகளை முடித்துவைக்கும் கட்டளையை அடித்தேன் — sudo dpkg --configure -a. நாலைந்து வரி ஓடிற்று, நின்றது. ஒரு பொதி பழுது, மறுபடி நிறுவு என்றது. நிறுவினால் அதே பழுது! கரண்ட் போன நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்த ஃபைல் அரைகுறை. கம்ப்யூட்டர் அதையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. சேமிப்பிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, புதிதாக இறக்கத் தொடங்கினேன். எங்கள் இன்டர்நெட் வேகம் உங்களுக்குத் தெரியும்...

அக்கா நேரத்தோடேயே வந்துவிட்டார். நல்ல சாரி, தலையில் பூ. கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, சரிவருமா? அவன் வேலைக்குப் போயிருவானே..."

"சரிவரும் அக்கா" என்றேன். வருமா என்று எனக்கே தெரியாது. ஆனால் விட்டுவிட்டு எழும்பப் போவதில்லை என்பது தெரியும்.

லைன் அறுந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அறுந்தது. மறுபடியும் போட்டேன். நஸீர் வாசலில் நின்று, போட்டோகொப்பிக்கு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினான். நாலு மணி தாண்டிவிட்டது. அக்கா மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் பெரிய கஷ்டம்.

ஒருவழியாக எல்லாப் பொதிகளும் ஒழுங்காக உட்கார்ந்தன. கேமராவில் சின்ன வெளிச்சம். அழைத்தேன். மகன் உடனே எடுத்தான். குளிர்ச் சட்டையும் தொப்பியுமாக, வேலைக்குக் கிளம்பியவன் கிளம்பாமல் நின்றிருந்தான்.

அக்கா திரையைத் தொட்டார். அந்தப் பக்கம் அவன் தொப்பியைக் கழற்றினான்.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்... ஒரு சத்தமும் இல்லை.

"மைக் வேலை செய்யல்ல போல, என்னெண்டு பாருங்க மச்சான்" என்று நஸீர் காதில் கிசுகிசுத்தான்.

பார்த்தேன். மைக் நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கோளாறில் மட்டும் நான் கைவைக்கவில்லை.