கிளச் பிடிக்காத மாமா

என் மாமா மோட்டார் சைக்கிளை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவார், அதன் முகம் சரிவைப் பார்த்து இருக்கும்படி. செலண்டாரில் எங்கள் குடியிருப்பான தாமானுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன மேடு உண்டு. வீட்டு வாசலில் கூரை போட்ட இடம் சும்மா கிடக்க, மாமாவின் மோட்டார் மட்டும் அங்கே வெயிலில் காயும். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. எதைப் பார்த்தாலும் ஸ்டைல் என்று நினைக்கிற வயது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். பலகைக் கம்பெனியில் மெஷினுக்குள் இடது கை மாட்டி, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து வந்தவர். அதற்குப் பிறகு அதே கம்பெனியில் ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். ஐந்து விரலும் இருந்தன. மணிக்கட்டில் ஒரு தழும்பு. நீளக்கைச் சட்டை போட்டால் அதுவும் தெரியாது. ஆறிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள், நானும் ஆறிவிட்டது என்றே நம்பினேன்.

தினமும் காலையில் என்னைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். ஊரில் எல்லாரும் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்தான் ஓட்டினார்கள். கப்சாய்க்குக் கையில் பிடிக்கிற கிளச்சே கிடையாது. காய்கறி விற்கிற அக்காகூடப் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு காலால் கியரைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மாமாவுடையது பெரிய மோட்டார். இடது கையால் கிளச்சை இழுத்துப் பிடித்துத்தான் அதில் கியர் மாற்ற வேண்டும். ஆனால் என் மாமா அதைத் தொடவே மாட்டார். இன்ஜினை உதைத்து எழுப்பி, சரிவில் உருளவிட்டு, டக்கென்று முதல் கியரைத் தட்டுவார். மோட்டார் ஒரு குதி குதிக்கும். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூச்சல் போடுவேன்.

பிறகு வலது கையால் மின்யாக் கைப்பிடியை முறுக்கி வேகமெடுப்பார். ஒரே ஒரு நொடி அந்தக் கையைத் தளர்த்துவார். இன்ஜின் சத்தம் பெருமூச்சு விட்டதுபோல இறங்கும். அந்த நொடியில் தட்டினால் அடுத்த கியர் பூப்போல விழும். முந்தினாலும் பிந்தினாலும் உள்ளே பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும். அந்த நொடியைச் சொல்வது என் வேலை.

"காதத் தீட்டி வச்சுக்க. சத்தம் எறங்குனதும் சொல்லு."

"இப்ப!"

டக். நான் சொல்லித்தான் கியர் மாறுகிறது என்ற மிதப்பில் பள்ளி வாசலில், அவர் சரிவு பார்த்து நிறுத்துகிற இடத்தில், இறங்குவேன். ஏன் மாமா கிளச்சைத் தொடுவதே இல்லை என்று ஒருமுறை கேட்டேன். "அது ஓட்டத் தெரியாதவனுக்குலா. நமக்கு எதுக்கு?" என்றார். அதைப் பள்ளியில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஜாசினுக்குப் போகும்போது டிராபிக் லைட்டில் நின்று கிளம்ப வேண்டிய பாதையை விட்டுவிட்டு அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். அதையும் ஸ்டைல் என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

அந்த வருடம் மஸ்ஜித் தானா என்ற ஊரிலிருந்து மாமாவுக்கு ஒரு இடம் வந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணின் போட்டோவை மாமா பர்சில் வைத்திருந்தார். யாரும் பார்க்காதபோது எடுத்துப் பார்ப்பார், நான் பார்ப்பேன். கை அடிபட்ட சமயத்தில், ஏற்கெனவே பேசி வைத்திருந்த வேறொரு இடம் பயந்து விலகிப்போயிருந்தது. அதனால் இந்த இடமும் போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். பெண்ணின் அப்பா வீடு பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என்னைச் சாமி அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மாமா கையப் பத்தி வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன். நிச்சயம் ஆவட்டும், அப்பறம் நாமளே சொல்லிக்கலாம்."

சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

பெண்ணின் அப்பா எண்ணெய் மில்லுக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்ந்தவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வந்து உட்கார்ந்ததிலிருந்து வாய்க்கு வாய் மாப்பிள்ளை, மாப்பிள்ளைதான். மாமா வலது கையால் தேநீரை எடுத்துக் கொடுத்தார், வலது கையால் பலகாரத்தை நீட்டினார். இடது கை மடியில் இருந்தது. அம்மா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஏன் மாப்பிள்ள, மோட்டார அங்க மேட்டுல வச்சிருக்கீங்க? எவனாச்சும் தூக்கிட்டுப் போயிறப் போறான்லா."

மாமா பலகாரத் தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். அவருக்குத் தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளக் கூச்சம் போல என்று எனக்குத் தோன்றியது. முந்திரிக்கொட்டை சும்மா இருக்குமா?

"அங்கிள், எங்க மாமா கிளச் இல்லாமலே கியர் மாத்துவாரு!"

பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடி சக்க! நானும் மாத்திருக்கேன்மா. ஒருக்கா கிளச்சு புட்டுக்கிச்சு. லோரி நெறைய பழம். மில்லு வரைக்கும் அப்படியேதான் கொண்டு போனேன். சத்தத்த வச்சே தட்டணும். எல்லாருக்கும் வராது மாப்பிள்ள!"

மாமாவும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த அங்கிள் செய்ததும் என் மாமா செய்வதும் ஒன்றாகிவிடுமா?

"நீங்க ஒரு தடவதானே அங்கிள்? மாமா தெனமும்! ஸ்கூல் வரைக்கும் ஒரு தடவகூட தொட மாட்டாரு. நான்தான் சத்தம் கேட்டு இப்பன்னு சொல்வேன்."

பெரியவரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. மேட்டில் நின்ற மோட்டாரைப் பார்த்தார். மாமாவின் மடியைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து மாமா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு விரலை அதன் உள்ளங்கையில் வைத்தார்.

"அழுத்துங்க."

மாமாவின் கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் பாதி மடங்கின, அங்கேயே நின்றுவிட்டன. பெரியவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தூங்குகிற பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி அந்தக் கையை மடியில் திருப்பி வைத்தார்.

"எப்ப அடிபட்டுச்சு, தம்பி?"

தம்பி! எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை என்பது விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி. தம்பி என்றால் சொந்தமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம். அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா, அந்த அங்கிள் மாமாவத் தம்பின்னு கூப்புடுறாரு!"

அம்மா என்னையே பார்த்தார். பிறகு கேஸை அணைத்தார். எண்ணெயில் பாதி வடை வேகாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. இன்னொருவரிடம் ஜாதகத்தைக் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. கையைப் பற்றி ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை என்று சாமி மேல் ஆணையாகக் கத்தினேன்.

"விடுக்கா," என்றார் மாமா. "அது கையப் பத்தி எங்க பேசுச்சு? என்னப் பத்திப் பெருமையாத்தான் பேசுச்சு."

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள், மறைத்தது நாங்கள். ஆனாலும் அந்தத் 'தம்பி' இன்னும் காதில் விழுகிறது. அதற்குப் பிறகு மாமா யாரையும் இடம் பார்க்க விடவில்லை. இப்போதும் எங்கள் அம்மாவோடுதான் இருக்கிறார்.

அந்தப் போன் வந்த மறுமாதம் மாமா மோட்டாரை விற்றுவிட்டுப் பழைய கப்சாய் ஒன்று வாங்கினார். மறைக்க இனி என்ன இருந்தது? அதை வீட்டு வாசலிலேயே, கூரைக்கு அடியில் நிறுத்தினார். எனக்கு அழுகையாக வந்தது. கிளச் இல்லாமல் கப்சாய் ஓட்டுவது ஒரு திறமையா? காய்கறி அக்காவும்தான் ஓட்டுகிறார். பள்ளியில் நான் என்ன முகத்தோடு போய் இறங்குவேன்?

முதல் நாள் காலையில் வேண்டாவெறுப்பாக ஏறி உட்கார்ந்தேன். தாமானைத் தாண்டியதும் மாமா கையைத் தளர்த்தினார். சத்தம் இறங்கியது.

"ம்?" என்றார், தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து.

அந்த நொடி எனக்குத் தெரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மாமா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அவரே தட்டினார்.

மாமாவின் வித்தை போய்விட்டதே என்று எனக்குக் கோபம். வித்தை என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதும், மடங்காத ஒரு கையை என் ஒருத்திக்காக அவர் அத்தனை நாளும் வித்தையாக்கி வைத்திருந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.