ராட்டினத்துக்கு மிச்சம்பிடித்த கால்

என் மகளுடைய மாமியார் மதுரங்குளிக்காரி. நானும் அவவும் ஒருத்தரை ஒருத்தர் மச்சி என்றுதான் கூப்பிடுவோம். அன்பான மனுசிதான். ஆனால் எந்தக் கலியாண வீட்டில் கண்டாலும், தேத்தண்ணி வாறதுக்கு முதல் அந்த ராட்டினக் கதையைத் தொடங்கிவிடுவா.

கொழும்புப் பக்கம் பிள்ளைகள் விளையாடுகிற பெரிய பூங்கா ஒன்று இருக்கு. தண்ணியில் சறுக்கலாம், மரக் குதிரையில் சுத்தலாம், ஆகாயம் மட்டும் ஏத்துற ராட்டினமும் உண்டு. சண்டை முடிந்து, வழிநெடுக இறங்கி ஆமிக்குப் பைகளைக் கொட்டிக் காட்டாமல் வான் வண்டி ஓடத் தொடங்கிய காலத்தில் ரெண்டு குடும்பமும் சேர்ந்து அங்கே போனோம். வாசலைத் தாண்டியதும் கூடு திறந்த கோழிகள் மாதிரி எல்லாரும் ஓடினார்கள். வெயில் ஏறுறதுக்குள் பேரன் சின்னவன் சத்தி எடுத்தான், பேத்தி அழுதாள், மருமகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புல்லில் படுத்துவிட்டார். நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது நாங்கள் திரும்பி வானில். அந்த அரை நாளுக்குள் ராட்டினத்தில் ஏறினவ மச்சி. கீழே இருந்து எல்லாருடைய செருப்பையும் காவல் காத்தவ நான்.

அன்றிலிருந்து அதே கதை. மேலே போனால் கடல் தெரியுமாம். கடலில் கப்பல் நிற்குமாம், ஒன்றல்ல, ரெண்டு. சொல்லி முடித்து என் பக்கம் திரும்பி, "பாவம், மச்சிக்குத்தான் கிடைக்கல்ல" என்பா. ஆலங்குடாக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, மதுரங்குளிச் சந்தியில் இருக்கிறவ கடலைப் பற்றிச் சொல்லித் தாறா. எத்தனை கலியாணத்துக்குப் பொறுக்கிறது?

பிள்ளைகள் திரும்பவும் போகக் கேட்டபோது நான் ஒரு பேச்சுத்தான் பேசினேன். போகலாம், ஆனால் அந்த நாள் என் கையில்.

அந்த நாளைத் தொழுகை வக்து வக்தாகப் பிரித்தேன். நேரம் பிரிக்க எனக்குத் தெரிந்த கணக்கு அதுதான். காலையில் வெயில் ஏறுமட்டும் ஏறி இறங்குகிற விளையாட்டுகள். அதிலும் ஒன்றை விட்டு இறங்கினால், அடுத்ததுக்கு முதல் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்க வேணும். லுஹருக்கு முதல் வெளியே வானடி நிழலுக்கு வந்துவிட வேணும். தொழுது, இடியப்பமும் சொதியும் தின்று, பாயில் கொஞ்சம் சரிய வேணும். பின்னேரம் அஸருக்குப் பிறகுதான் தண்ணி விளையாட்டு. தண்ணியில் இறங்கின பிள்ளைக்குப் பிறகு நடக்கக் கால் வராது, அதனால் அது கடைசி. வெயில் சாய்ந்து மஃரிபுக்கு முதல் ராட்டினம் எனக்கு. இதை மட்டும் நான் வெளியே சொல்லவில்லை. மகளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

மாமி எங்களை ஹஜ்ஜுக்குக் கூட்டிப் போறா போல இருக்கு என்று மருமகன் சிரித்தார். மச்சி சிரிக்கவில்லை. குந்தியிருக்கிறதுக்கு எங்கட வீட்டுக் கதிரை போதும், அதுக்கு ஏன் கொழும்புக்குப் போக வேணும் என்று கேட்டா.

காலை என் சொற்படிதான் போனது. பேத்தி தாகமில்லை என்றாள். தாகம் வரமுன் குடி என்றேன். சின்னவனைப் படகு ஊஞ்சலிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மச்சியை யார் இறக்குவது? முட்டி மோதுகிற கார், சின்னப் பிள்ளைகளுடைய ரயில், எங்கே பார்த்தாலும் அவவுடைய கறுப்பு அபாயாதான் பறந்தது.

பகல் சாப்பாட்டில்தான் நான் தோற்றேன். நான் இடியப்பப் பெட்டியைத் திறக்கிறேன், மச்சி வானுக்குப் பின்னாலிருந்து டிரைவரைக்கொண்டு ஒரு சட்டி புரியாணியையும் பெரிய சஹனையும் இறக்குறா. ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தாலத்தில் சாப்பிடுகிற சஹனை வைத்துவிட்டு, இடியப்பத்தை யார் பார்ப்பார்கள்? பொய் சொல்லக் கூடாது, நானும் கை வைத்தேன். இறைச்சி நல்லாத்தான் வெந்திருந்தது. கொஞ்சம் சரிய வேணும் என்று நான் சொன்னது பிறகு பெரிய நித்திரையாகிவிட்டது. மருமகனும் டிரைவரும் போட்டிக்குக் குறட்டை விட்டார்கள். அஸர் பிந்தப் போகுது என்று தண்ணி தெளித்துத்தான் எழுப்பினேன்.

ஆனால் அன்று ஒரு பிள்ளையும் அழவில்லை. எழும்பினதும் புதுப் பிள்ளைகள் மாதிரி தண்ணிக்குள் பாய்ந்தார்கள். அவர்களைப் பிடிக்க மகளும் மருமகனும் பின்னால் இறங்கினார்கள். கரையில் கிடந்த வாங்குப் பலகையில் நானும் மச்சியும், நடுவில் செருப்புப் பை. மச்சிக்குக் கால் ரெண்டும் பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது. என் கால் அப்படியே இருந்தது. அதற்காகத்தானே நாள் முழுக்க மிச்சம் பிடித்தேன்.

ராட்டினத்துக்குப் போயிட்டு வாறேன் என்று எழும்பினேன். மச்சி காலைத் தடவிக்கொண்டிருந்தா.

அங்கே நின்ற சிங்களப் பொடியன் ஆச்சி ஆச்சி என்று மரியாதையாகத்தான் கதைத்தான். ஆனால் வயசானவர்களைத் தனியே ஏற்ற மாட்டானாம், பக்கத்தில் ஒரு ஆள் வேணுமாம். இன்னும் ஒரு சுத்துத்தான், பிறகு மூடிவிடுவானாம். தண்ணிப் பக்கம் பார்த்தேன். மகள் ஒரு கையில் சின்னவனும் மறு கையில் பேத்தியுமாக நின்று, என்னைப் பார்த்து வர ஏலாது என்று தலையை ஆட்டினாள். வெயில் தென்னை ஓலைக்குக் கீழே இறங்கிவிட்டது. திரும்பி வந்து வாங்கில் இருந்தேன். மச்சியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவ என் முகத்தைப் பார்த்தா. பிறகு வீங்கின காலைச் செருப்புக்குள் திணித்தா.

"எழும்புங்க மச்சி. ஒரு கலியாணத்திலயாவது நீங்களும் கதைக்க வாணாமா?"

செருப்புப் பையை யாரிடம் கொடுப்பது? அதுவும் எங்களோடு ஏறியது. ராட்டினம் கிளம்பினதும் மச்சி என் மணிக்கட்டைப் பிடித்தா, நகம் பதிகிற பிடி. உச்சிக்குப் போய் அது நின்றது. நான் நல்லா எட்டிப் பார்த்தேன். தென்னமரம். ஓட்டுக் கூரை. பிறகும் தென்னமரம். கீழே எங்கள் வான், பக்கத்தில் பாயில் இருந்து டிரைவர் என் இடியப்பத்தைத் தின்றுகொண்டிருந்தார். கடலைக் காணவில்லை.

எந்தப் பக்கம் என்று கேட்கத் திரும்பினேன். மச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கலிமா ஓதுறா. முந்தின முறையும் இப்படித்தான் இருந்திருப்பா என்று அப்போதுதான் விளங்கியது.

"என்ன தெரியுது மச்சி?" கண்ணைத் திறக்காமலே கேட்டா.

அத்தனை கலியாணத்துக்கும் சேர்த்துச் சொல்ல வாயில் ஒரு பதில் வந்தது. விழுங்கிவிட்டேன். கால் வீங்கியும், இவ்வளவு பயத்தோடும் எனக்காக ஏறி வந்தவ.

"தென்னமரம்" என்றேன்.

"கடல்?"

"அங்கால இரிக்கும்."

இறங்கும்போது பிள்ளைகள் தண்ணி சொட்டச் சொட்டக் காத்து நின்றார்கள். உம்மும்மா, கப்பல் தெரிஞ்சதா என்று பேத்தி என்னிடம் கேட்டாள். மச்சி குனிந்து, காலில் கிடக்கிற செருப்பைத் தேடினா.

"ஓம் மகள், ரெண்டு நிண்டுது" என்றேன்.

வான் வரைக்கும் செருப்புப் பையை மச்சிதான் தூக்கினா. கை நீட்டினேன், தரவில்லை.

அடுத்த கலியாண வீட்டில் தேத்தண்ணி வரமுன் கதை தொடங்கியது. கப்பலுக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தா.

"மூணு, மச்சி" என்றேன். "மற்றது தென்னமரத்துக்குப் பின்னால நிண்டுது."