ஒரு மணி நேரம் முன்பே மூடிய துறைமுகம்

2011, மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கரை மணி. கடலூரில் எங்கள் வீட்டுக் கணினியின் முன் மகன் உட்கார்ந்திருந்தான். திரையில் அவனுடைய கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்தது. அது அப்படியே உறைந்தது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டதாக ஒரு வரி வந்தது.

“கரன்ட்டு போவலியே. மோடத்த ஒரு தடவ புடுங்கிச் சொருவும்மா,” என்றான். சொருகினேன். துறைமுகம் திரும்பி வரவில்லை.

அந்த இணைய விளையாட்டு அன்றோடு மூடப்படும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் ஐந்தரைக்கு என்றுதான் நினைத்திருந்தோம். நிறுவனம் தன் நாட்டு நேரப்படி பகல் பன்னிரண்டு என்று அறிவித்திருந்தது. மகன் பிப்ரவரியிலேயே அதை நம் நேரத்துக்குக் கணக்கிட்டு, மஸ்கட்டில் வேலை பார்த்த அவன் அப்பாவுக்கும் சொல்லிவிட்டான். அந்த நிறுவனத்தின் நாட்டில் வெயில் காலம் வந்தால் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்களாம். அன்று விடியற்காலைதான் தள்ளியிருக்கிறார்கள். கடலூரிலும் மஸ்கட்டிலும் யாரும் கடிகாரத்தை அப்படித் தொடுவதில்லை. எங்களுக்கு எப்படித் தெரியும்? அறிவிப்பில் ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவன் அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு நம் நேரம் ஐந்து மணிக்கு விளையாட்டுக்குள் வருவதாக இருந்தார்.

“ஒரு கேம் போனா இன்னொன்னு டவுன்லோட் பண்ணிக்கட்டும்க்கா. எழவு வீடு மாரி உக்காந்துருக்கீங்க ரெண்டு பேரும்,” என்றான் என் தம்பி. இன்றுவரை அந்தப் பேச்சை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவும் மகனும் பேசிக்கொண்ட ஒரே இடம் அந்த விளையாட்டுதான். தொலைபேசியில் “சாப்டியா?”, “ம்”, “படிக்கிறியா?”, “ம்” என்பதோடு சரி. அவருக்குப் பின்னால் தொழிலாளர் முகாம் ஆட்கள் போனுக்காக வரிசையில் நிற்பார்கள். ஆனால் அந்தக் கடலில் உப்பும் மிளகும் ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போகும்போது இருவரும் மணிக்கணக்கில் தட்டச்சிலேயே பேசுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பேன்.

“அப்பாவப் போயி மச்சாங்கிறியேடா,” என்று ஒருமுறை அதட்டினேன்.

“அங்க அவுரு அப்பா இல்லம்மா. என் கப்பல்ல சமையல்காரரு.”

சிதம்பரத்தில் பொறியியல் முதலாண்டு சேர்ந்தவன், அந்தப் படிப்பு தனக்கு வரவில்லை, விட்டுவிட வேண்டும் என்று முடிவுக்கு வந்திருந்தான். சேர்த்துவிட்டது அவன் அப்பா. அதை அவரிடம் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் சொல்லப்போவதாக என்னிடம் சொன்னான். போனில் வாய் வராது என்றான். நான் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான்.

விளையாட்டின் ‘இயல்பான ஆயுள்’ முடிந்துவிட்டது என்று நிறுவனத்தின் அறிவிப்பில் எழுதியிருந்தார்கள். யார் வைத்த ஆயுள்? ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஓய்ந்தா போனார்கள்? முந்தின தீபாவளி வரை புதுப்புதுப் பாய்மரங்களை விற்றுக்கொண்டுதானே இருந்தார்கள்? ‘இது உங்கள் உலகம்’ என்று நுழைவாயிலில் எழுதிவைத்தவர்கள், அதை ஒரு விசையைத் தட்டி அணைத்தார்கள். வாடகைக்கு விட்டவர்கூடச் சாமான் எடுக்க ஒரு நாள் பொறுப்பார். ஒரே ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள் என்று நான் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் உணர்வைப் புரிந்துகொள்வதாகப் பதில் வந்தது. ஒரு மயிரும் புரியவில்லை அவர்களுக்கு.

திங்கட்கிழமை விடுதிக்குத் திரும்பியவன் வகுப்புக்குப் போகவில்லை. போனையும் எடுக்கவில்லை. அறைத் தோழன்தான் எனக்குச் செய்தி சொன்னான். சாப்பாட்டுக்குக்கூட இறங்குவதில்லை என்றான். மஸ்கட்டுக்குப் போன் போட்டு அவரை அழைத்தேன்.

“அவன் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தான். என்னன்னு நா சொல்ல மாட்டேன். போன்ல கேக்காதீங்க,” என்றேன்.

“சரி,” என்று வைத்துவிட்டார்.

சிதம்பரத்துக்குப் பேருந்து ஏறினேன். விடுதியின் பார்வையாளர் அறையில் மகனைக் கீழே வரவழைத்து உட்காரவைத்தேன். மூன்று நாள் தாடி. என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. மறுநாளும் போய் அப்படியே உட்கார்ந்திருந்தபோது, மதிய வெயிலில் வாசலில் ஒரு வாடகைக் கார் நின்றது. அவன் அப்பா சென்னை விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தார். பெட்டியின் கைப்பிடியில் விமான நிலையத்தில் மாட்டிய அடையாளச் சீட்டு கிழிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னும் ஊட்டுக்குக்கூடப் போவல. என்னமோ சொல்லணும்னு இருந்தியாம். எதுன்னாலும் சொல்லு. கோவம் வந்தா கொஞ்ச நேரம் வெளிய போயி நிக்கிறேன். திரும்பி வந்துருவேன்,” என்றார்.