உறை போட்ட கம்பியூட்டர்

புத்தளம் பக்கத்து மாம்புரியில் முத்தலிபுகள் பலர். ஒருவருக்கு வள்ளம் இருந்தது, ஒருவருக்கு வெங்காயத் தோட்டம் இருந்தது. இவருக்குக் கம்பியூட்டர் இருந்தது. ஆகவே ஊர் இவரைக் கம்பியூட்டர் முத்தலிபு என்றது. அந்தப் பட்டம் கிடைத்த நாளிலிருந்து மனிதரின் நடையே மாறிவிட்டது. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் சட்டைப் பையில் ஒரு ஸ்குரூ டிரைவர் எட்டிப் பார்க்கும்.

றியாதில் ஒரு கம்பியூட்டர் கொம்பனியில் ஏழு வருடம் வேலை செய்தவர். அது பொய்யில்லை. அங்கே என்ன வேலை என்று கேட்டால், "காலையில இருந்து அந்தி வரைக்கும் கம்பியூட்டரோடதான்" என்பார். அதுவும் முழுப் பொய்யில்லை. மேசை மேசையாகப் போய்க் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தவர் அவர்தான். கோப்பையைக் கழுவியவரும் அவர்தான். இதை அவர் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி சித்தி லெய்லாவிடமும் சொல்லவில்லை. வீட்டில் அடுப்பெரிகிற குசினிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். கம்பியூட்டர் பிடித்த கை கேத்தலைப் பிடிக்கலாமா?

யுத்தம் முடிந்த கையோடு ஊர் திரும்பியவர், கம்பியூட்டர் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார். சாமான் விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. அதைக் குறை சொல்லவும் முடியாது. தொண்ணூறில் முஸ்லிம் சனங்களெல்லாம் மன்னாரிலிருந்து இந்தக் கரைக்குத் துரத்தப்பட்டபோது, ஆசையாக வாங்கிய றேடியோ பெட்டிகூடப் பிரிக்காமல் அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கைக்கு வந்த எதையும் அவர் காற்றுப் படவிட்டதில்லை. மாம்புரிக் காற்றும் லேசுப்பட்டதல்ல. காற்றாலை நட்டு மின்சாரம் எடுக்கிற கரை இது. மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டு வந்து, புதுச் சைக்கிளைக்கூட ஒரு வருடத்தில் கிழடாக்கிவிடும். எனவே முத்தலிபு திரையை மட்டும் விட்டு, கம்பியூட்டரின் இரும்புப் பெட்டியைப் பொலித்தீனால் இறுகச் சுற்றினார். அதற்கு மேலே, பூப்போட்ட பருத்திச் சீலையில் பஞ்சு வைத்து லெய்லாவைக் கொண்டு ஓர் உறை தைப்பித்தார். சுவிட்சை அமத்த விரல் போக ஓர் ஓட்டை, வயர் வர ஓர் ஓட்டை. கம்பியூட்டர் ஓடும்போதும் உறை அப்படியே இருக்கும்.

பக்கத்து வீட்டு றோசமேரி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூச்சு முட்டாதா நானா?" என்று கேட்டாள்.

முத்தலிபு அதைக் கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். "மெஷினுக்கு மூச்சாம்! படிக்காத சனத்தோட என்னத்தக் கதைக்கிற?"

கட்டாரிலிருந்து அந்தப் பென்டிரைவ் வந்திராவிட்டால் இது சிரிப்போடு போயிருக்கும். ஒரே மகள் நிஸ்ரின் கல்யாணம் முடித்து, புருஷன் ஹிஷாமோடு அங்கே போயிருந்தாள். தன் வீட்டைச் சுற்றிக் காட்டி, உம்மாவோடு கதைப்பது போல ஒரு வீடியோ எடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். "கடசி வரைக்கும் பாருங்க உம்மா, கடசியிலதான் விஷயம் ஈக்கி" என்று போனில் சொன்னாள்.

படம் அந்த விஷயம் வரைக்கும் போகவேயில்லை. நிஸ்ரின் கதவைத் திறப்பாள், கதிரை மேசையைக் காட்டுவாள், குசினிக்குள் நுழைவாள். அங்கே படம் இழுக்கத் தொடங்கும். அவள் வாய் ஒரு பக்கம், சத்தம் இன்னொரு பக்கம். பிரிட்ஜைத் திறந்து, "உம்மா, இஞ்ச பாருங்க" என்று வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றுவிடுவாள். கொஞ்ச நேரத்தில் கம்பியூட்டரும் தானாக அணைந்துபோகும். மகளின் திறந்த வாயைப் பார்த்துப் பார்த்தே லெய்லாவுக்குக் கண் பூத்துவிட்டது.

முத்தலிபு சும்மா இருப்பாரா? வைரஸ் என்றார். ஒரு வைரஸ் மருந்து போதாதென்று மூன்றை ஏற்றினார். மூன்றும் ஒன்றையொன்று கள்ளன் என்று பிடித்துக்கொண்டதில் படம் கதவடியிலேயே நின்றது. பிறகு தூசு என்றார். பென்டிரைவை ஊதி, அத்தர் தொட்டுத் துடைத்தார். வீடு மணத்தது, படம் ஓடவில்லை. கரண்ட் காணாது என்று பிரிட்ஜைக் கழற்றினார், வாங்கி வைத்த பாரை மீன் நாறிப்போனது. கடைசியாக, எஞ்சின் சூடாகவில்லை என்று கண்டுபிடித்தார்.

"புத்தளம் பஸ்ஸ ஸ்டார்ட் பண்ணின கையோட எடுக்கிறானா? கொஞ்சம் உறுமவிட்டுத்தானே எடுக்கிறான்?"

அன்றிலிருந்து படம் போடுவதற்கு முன் நெடுநேரம் கம்பியூட்டரை உறைக்குள்ளேயே சும்மா ஓடவிட்டார். அதற்குப் பிறகு நிஸ்ரின் குசினிப் பக்கமே வரவில்லை.

"கடசியத் தட்டிப் பாக்க ஏலாதா?" என்று லெய்லா கேட்டாள்.

"நடுவுல பாஞ்சா பைல் ஒடஞ்சிரும். வெளங்காத விஷயத்துல வாய வெக்காத."

"தில்லையடியில கம்பியூட்டர் திருத்துற கடை ஈக்கிதானே? அங்க கொண்டுபோனா?"

"அவன்ட முன்னால என்ட மகள் முக்காடில்லாம நிக்கவா?"

அது நியாயம்தான். வீட்டுக்குள் எடுத்த படம், நிஸ்ரின் தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. லெய்லாவுக்கும் அதில் மறுபேச்சில்லை. கம்பியூட்டர் முத்தலிபு திருத்துகிற கடைவாசலில் நிற்பதை ஊர் கண்டுவிடும் என்ற மற்ற நியாயத்தை அவர் வெளியே விடவில்லை.

வெள்ளிக்கிழமை கட்டாரிலிருந்து நிஸ்ரின் போன் எடுத்தாள். முத்தலிபு வழமைபோல முற்றத்துக்குக் கேட்கும்படி லவுட்ஸ்பீக்கரில் போட்டார்.

"வாப்பா, வீடியோ பாத்தீங்களா?"

"பாத்தன் மகள். தண்ணி மாதிரி ஓடிச்சி. நம்மட மெஷின் சும்மாவா?"

"அப்ப நான் கடசியில கேட்டது?"

முத்தலிபு ஒரு கணம்தான் யோசித்தார். பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு நாக்குப் புரளவில்லை. "அதுக்கென்ன மகள், உன்ட விருப்பம்தான் எங்கட விருப்பம்."

"நெசமாவா? நீங்க சம்மதிக்கமாட்டீங்கண்டுதான் நாங்க நெனச்ச. உம்மா, உங்களுக்கும் சந்தோஷமா?"

லெய்லா புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணை உருட்டினார். "ஓம் மகள்" என்றாள் அவள்.

"உம்மாக்கு டபுள் சந்தோஷம்" என்று முத்தலிபு முடித்துவைத்தார்.

போனை வைத்ததும் லெய்லா பாய்ந்தாள். "என்னண்டு தெரியாம என்னத்துக்கு ஓமெண்டு சொன்ன நீங்க?"

"பொம்புளப் புள்ள என்னத்தக் கேட்டிருக்கும்? ஒரு போத்தல் மாசிச் சம்பல் கேட்டிருக்கும். இடிச்சி அனுப்பு."

லெய்லா மாசியும் இடித்தாள், மனதுக்குள் புருஷனையும் சேர்த்து இடித்தாள்.

நோன்புப் பெருநாள் நெருங்கியது. வீடு கழுவுகிற நாளில் திரைச்சீலை, மெத்தை உறை எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டவள், கம்பியூட்டர் உறையையும் உருவிப் போட்டாள். உள்ளே பொலித்தீன் வெந்து, பிசுபிசுவென்று ஒட்டிப்போயிருந்தது. அதையும் கிழித்தெறிந்தாள். முத்தலிபு வீட்டில் இல்லை. கடைத்தெருவில் யாருக்கோ கம்பியூட்டரைப் பராமரிக்கும் விதம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். குசினி வரைக்குமாவது மகளைப் பார்ப்போம் என்று லெய்லா கம்பியூட்டரைப் போட்டாள். அவர் எதை எதை அமத்துகிறார் என்று அவளுக்கு மனப்பாடம்.

முத்தலிபு திரும்பி வந்தபோது வாசலிலேயே மகளின் குரல் கேட்டது. இழுபடாத, உடையாத குரல். உள்ளே கம்பியூட்டர் வெறும் மேலோடு நின்றது. திரையில் நிஸ்ரின் குசினியைத் தாண்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, எனக்கு மூணு மாசம். போன்ல சொன்னா வாப்பா சத்தத்தக் கூட்டி முழு மாம்புரிக்கும் அறிவிச்சிருவாரு. அதாலதான் இதுல சொல்றன். எனக்கு இஞ்ச ஒருத்தரும் இல்ல உம்மா, பயமா ஈக்கி. புள்ள கெடச்சி நாப்பது கழியிற வரைக்கும் நீங்க வந்து என்னோட நில்லுங்க. வாப்பா விடமாட்டாரு, தெரியும். பாவம், அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தக்கூடத் தெரியாது."

படம் முடிந்தது. லெய்லா திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர்.

"என்ட புள்ள வகுத்துல புள்ளையோட பயந்துபோய்க் கெடக்கு. சந்தோஷமா உம்மாண்டு கேட்டிச்சி. நான் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஓமெண்டு மட்டும் சொல்லிட்டு இருந்திட்டன். உங்கட பெருமையக் கொண்டுபோய் அடுப்புல வைங்க!"

முத்தலிபுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு வயிறு கதைத்தது. "அதுக்காக இவ்வளவு மாசமா? அப்ப எனக்கு..."

"ஓமெண்டது நீங்க. டபுள் சந்தோஷமெண்டதும் நீங்க. ஹிஷாம் விசாவுக்குக் குடுத்திட்டாராம், மொதல் தரம் படத்தப் பாத்து முடிச்ச கையோட போன்ல கேட்டன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கொஞ்சம் இறங்கிவந்தாள். "தேத்தண்ணிக்கு என்ன செய்வீங்களோ, அதுதான் யோசனை."

அந்த இடத்தில் றியாத் உண்மை அவருக்கு வாய்வரை வந்தது. தொண்டைக்குள்ளேயே விழுங்கிக்கொண்டார். "எப்பிடியாவது பழகிக்கொள்றன்" என்றார்.

பெருநாள் கழிந்து லெய்லா புறப்பட்டாள். அந்தப் பூப்போட்ட உறையின் பஞ்சைப் பிரித்தெடுத்து, சீலையைக் கொதிதண்ணீரில் அலசி, குழந்தைத் துணியாக வெட்டிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். முத்தலிபு தடுக்கவில்லை.

மறுநாள் காலை, மனுஷன் பட்டினி கிடக்கிறாரோ என்று பார்க்க றோசமேரி பாணும் சம்பலும் கொண்டுவந்தாள். முத்தலிபு குசினியில் நின்றார். ஒரு கையில் கேத்தல், ஒரு கையில் கோப்பை. ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினார், ஒரு துளி வெளியே சிந்தவில்லை. ஊற்றி முடித்ததும் கோப்பையின் விளிம்பைத் துணியால் ஒற்றி, பிடியை அவள் கைப்பக்கம் திருப்பி நீட்டினார். றோசமேரி ஒரு வாய் குடித்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"மாதாவே! இப்பிடித் தேத்தண்ணி எங்க பழகின நானா?"

"றியாதுல" என்றார் முத்தலிபு. "அந்தக் கம்பியூட்டர் கொம்பனியில எனக்கு இதுதான் வேல."

றோசமேரி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். "போங்க நானா, பகிடி விடாம!"