வரிசையில் சொல்லாமல் விட்டது

மீளக்குடியமர்ந்து நானாட்டானில் வயல் செய்யத் தொடங்கிய வருடம், என் மனைவிக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூப்பஸ் நோய் என்றார்கள். கிளினிக்கில் டொக்டர், "முன்னம் கரு ஏதும் கலைஞ்சதோ?" என்று கேட்டார். அகதி முகாமில் இரண்டு கலைந்திருந்தன. பின்னால் ஊர்ச்சனம் வரிசையில் நின்றது. வெட்கத்தில் நான் முந்திக்கொண்டு, "இல்லை" என்றேன்.

வெளியே வந்ததும், "ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்றாள்.

"சனம் நிக்குது, பேசாம வா."

அறுவடைக்கு முன் இரத்தம் உறைந்து அவளுடைய மூளைக்குப் போகும் குழாயை அடைத்தது. பேச்சும் வலது கையும் போயின. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். டொக்டர் இரத்தத்தைச் சோதித்தார்.

"இரத்தத்தை உறைய வைக்கிற பிறபொருளெதிரி எண்ட ஒரு பொருள் இவவின்ர உடம்பில இருக்கு. கரு கலையிறது அதுக்கு ஓர் அடையாளம். அண்டைக்கே சொல்லியிருந்தா, இரத்தம் உறையாம இருக்க மருந்து தந்திருப்பம்" என்றார்.

இப்போது புது டொக்டர் வந்தால், கேட்க முன்னரே, "இரண்டு கலைஞ்சது, ஐயா" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்கிறேன். பக்கத்தில் அவள் இடது கையில் இரண்டு விரலைக் காட்டுகிறாள்.