வலது இருக்கையில் எட்டு வருடம்

என் மாமாவுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் நெல் வயல் இருக்கிறது. மூட்டை ஏற்ற வரும் லாரிகளைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பெரிய வண்டியிலும் இரண்டே வகை ஆட்கள்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஒருவன் டிரைவர், இன்னொருவன் கிளீனர். நான் விமானத்தில் கோ-பைலட் என்று எட்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். அவர் கணக்கில் நான் இன்னும் இரண்டாவது வகைதான்.

"இன்னும் உன்ன ஓட்ட வுடலியா?" என்று எல்லா விசேஷத்திலும் கேட்பார், அதுவும் பந்தியில் நாலு பேர் காதில் விழும்படி. "எளாவூர் செக்போஸ்ட்ல எறங்கி பேப்பர் காட்டிட்டு ஓடியாருவானே, அந்த வேலதானே?"

"இல்ல மாமா. போவ சொல்லோ கேப்டன் ஓட்னா, வர சொல்லோ நான் ஓட்டுவேன்."

"அப்ப அவருக்கு மட்டும் இன்னாத்துக்கு கேப்டன்னு பேரு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை, ஓட்டுகிறவரையே கண்காணிப்பதுதான் அவர் வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் மாமாவின் மண்டையில் ஒன்றும் ஏறாது. வேகம் கூடினால் சொல்ல வேண்டும். உயரம் தப்பினால் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டத்தில் எல்லாம் ஒழுங்காக இல்லையென்றால் 'கோ அரவுண்ட்' என்று இரண்டே வார்த்தை சொல்ல வேண்டும். இறங்காதே, மறுபடி மேலே ஏறு என்று அர்த்தம். சொன்னது யாராக இருந்தாலும், ஓட்டுகிறவர் அந்த நொடியே ஏறியாக வேண்டும். விவாதமெல்லாம் மேலே போன பிறகுதான். விதிப் புத்தகம் இதில் வயதையும் பார்ப்பதில்லை, பதவியையும் பார்ப்பதில்லை.

புத்தகம் அப்படி. காக்பிட்டுக்குள் நிலவரம் வேறு. அங்கே இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் சார். காலை வணக்கத்தில் ஆரம்பிக்கும் சார், பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கும்வரை ஓயாது. சில கேப்டன்கள் நாம் வாய் திறந்தாலே, பள்ளிக்கூடத்துப் பையன் எழுந்து நின்றதுபோல் பார்ப்பார்கள். ஒருவர் என்னிடம், "நான் கேட்டா மட்டும் பேசு" என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறார். இப்படி எட்டு வருடம் வலது பக்கம் உட்கார்ந்து, கேட்காத காதுகளுக்குச் சொல்லிச் சொல்லி வெறுத்துப்போயிருந்தேன். ஒரே ஆறுதல், கேப்டன் பதவிக்கான என் தேர்வு நெருங்கிவிட்டது. பறந்த மணிநேரம் போதுமான அளவு சேர்ந்துவிட்டது. பட்டியலில் என் பெயரும் வந்துவிட்டது. அதுவரை பேர் கெடாமல் ஓட்டினால் போதும்.

அந்தச் சமயத்தில்தான் அந்த மழைநாள் வந்தது.

அன்று என்னோடு வந்த கேப்டன் உண்மையில் நல்ல மனிதர். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடம்தான் பாக்கி. வீட்டிலிருந்து கொண்டுவரும் டிபன் பாக்ஸை நடுவில் வைத்து, "எட்து சாப்புடு தம்பி" என்று பாதியை நம் பக்கம் தள்ளிவிடுவார். வடக்கேயிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். ஓட்டியது அவர், கண்காணித்தது நான். பழவேற்காடு ஏரி மேகத்துக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிந்தது. கும்மிடிப்பூண்டிப் புகைபோக்கிகள் தெரியவில்லை. அந்தப் பக்கம் முழுக்க மழை.

எங்களுக்கு முன்னால் போன விமானத்துக்காகக் கொஞ்ச நேரம் உயரத்திலேயே நிறுத்திவைத்துவிட்டு, பிறகு திடீரென்று இறங்கச் சொன்னார்கள். இருக்க வேண்டிய உயரத்தைவிட மேலே இருந்தோம். பின்னாலிருந்து காற்று வேறு தள்ளியது. உயரத்தைக் குறைத்தால் வேகம் கூடியது, வேகத்தைக் குறைத்தால் உயரம் நின்றது. ஓடுபாதை விளக்குகள் மழையில் கலங்கித் தெரிந்தன. ஐந்நூறு அடியைத் தாண்டியபோதும் வேகம் அடங்கவில்லை.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொன்ன கதை இது: "கோ அரவுண்ட் சார்" என்று இரண்டு தடவை சொன்னேன், மனிதர் காதிலேயே வாங்கவில்லை. இறக்கியே தீருவேன் என்று இறக்கினார்.

தரையைத் தொட வேண்டிய இடத்தைத் தாண்டி விமானம் மிதந்துகொண்டே போனது. தொட்ட பிறகு ஈரத்தில் பிரேக் பிடிக்க நேரமானது. ஓடுபாதையின் கடைசியில் இருக்கும் சிவப்பு விளக்குகள் கிட்டே கிட்டே வந்தன. என் கால்களும் என்னையறியாமல் பெடலை அழுத்திக்கொண்டிருந்தன. நின்றபோது முன்னால் அதிக இடமில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயணிகள் வழக்கம்போலப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு மழையைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

கேப்டன் தன் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு, "தப்புப் பண்ட்டேன் தம்பி. நானே ரிப்போர்ட் எழுதிட்றேன்" என்றார்.

எழுதியும் விட்டார். மறுநாளே எங்கள் இருவரையும் பறக்கும் வேலையிலிருந்து எடுத்து வீட்டில் உட்கார வைத்தார்கள். விசாரணை முடியும்வரை என் தேர்வும் நிறுத்திவைக்கப்பட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இறக்கும்போது என் பேச்சைக் கேட்கவில்லை, எழுதும்போதும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கென்ன, இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகப்போகிறவர். போகிற போக்கில் என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாரே என்று வேப்பம்பட்டு வீட்டின் மொட்டைமாடியில் நடந்து நடந்து கத்தினேன்.

கத்தலைக் கேட்க என் மனைவிதான் இருந்தாள். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிக் களைத்து வந்தவள், ஷூவைக் கூடக் கழற்றாமல் என் கதையை நாலாவது தடவையாகக் கேட்டாள்.

"சரி, நீ இன்னா வார்த்த சொன்ன?"

"கோ அரவுண்ட்னு சொன்னேன். எத்தினி வாட்டி சொல்றது?"

"இல்ல, அப்டியே சொல்லிக் காட்டு. எங்க ஷெட்ல எவன் கைய தூக்குனாலும் கிரேன் நிக்கணும். புதுசா சேர்ந்தவன் தூக்குனாலும் நிக்கும். ஆனா பாதிப் பேரு கைய முழுசா தூக்க மாட்டாங்க. இடுப்பு வரிக்கும் தூக்கிட்டு, மேல கீறவரு மூஞ்சியப் பார்த்துனு நிப்பாங்க. அதான் கேட்டேன்."

"இது ஃபேக்டரி இல்ல!" என்று சீறினேன். அவள் என்னைப் பார்த்தபடி ஷூவைக் கழற்றினாள். அன்று இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பெண்டாட்டிகூட நம்மை நம்பாத பேஜாரான பிழைப்பு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விசாரணை நாளில் ஒரு நீள மேசைக்கு அந்தப் பக்கம் பாதுகாப்பு அதிகாரிகள் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இருவர். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார்கள். மனப்பாடமாகிப்போன கதையைச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன், கேப்டன் கேட்கவில்லை. என் குரலில் இருந்த சூடு எனக்கே தெரிந்தது.

கேப்டனிடம் திரும்பினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தம்பி சொன்னேன்னா சொல்லிகீவாரு. என் காதுல வுழல. தப்பு என்னுதுதான், அப்டியே எழுதிக்குங்க" என்றார்.

உண்மையைச் சொல்வதானால் எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. தேர்வு தப்பித்தது என்று நினைத்தேன்.

அதிகாரிகளில் ஒருவர் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். காக்பிட்டில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் கருவியிலிருந்து அந்தக் கடைசி நிமிடங்களை எடுத்துவைத்திருந்தார்கள். மழை கண்ணாடியில் அடிக்கும் சத்தம் முதலில் வந்தது. அப்புறம் என் குரல்.

"சார், கொஞ்சம் மேலயே கீறோம் போல சார்."

"புட்ச்சிடலாம் தம்பி."

"ஸ்பீடு... கொஞ்சம் ஸ்பீடு சார்."

"பார்த்துனு கீறேன்."

"ஓகே சார். ரன்வே ஈரமா கீது சார்."

அதற்குப் பிறகு என் குரல் இல்லை. உயரத்தை எண்ணிச் சொல்லும் இயந்திரக் குரல் மட்டும் ஐம்பது, நாற்பது, முப்பது என்று சொல்லிக்கொண்டே போனது. அப்புறம் சக்கரம் தரையில் மோதும் சத்தம். அவ்வளவுதான்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டார்கள். 'கோ அரவுண்ட்' எங்கேயும் இல்லை. சொன்னதாக எனக்கு நினைவிருக்கிறதே, தொண்டையில் அந்த வார்த்தை நின்றதுகூட நினைவிருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். தொண்டையில் நின்றது நிஜம்தான். ஈரமாக இருக்கிறது, வேகம் கொஞ்சம், உயரம் கொஞ்சம் என்று ஜாடை மாடையாகச் சொல்லிவிட்டு, மிச்சத்தை அவரே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். டிபன் பாக்ஸைப் பாதி தள்ளிய மனிதரின் முகத்தில் அடித்த மாதிரி எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கிறேன். அந்தத் தயக்கத்தைத் தூக்கி அவர் காது மேல் போட்டுவிட்டேன். வெட்கத்தில் கேப்டன் பக்கம் திரும்பவே முடியவில்லை.

பொய் சொன்னேன் என்று யாரும் எழுதவில்லை. பதற்றத்தில் இப்படி நினைவு மாறுவது உண்டு என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் கூடியது. இருவருக்கும் மறுபயிற்சி, எனக்குத் தேர்வு தள்ளிவைப்பு. வீட்டில் சொன்னபோது மனைவி "நான் அப்பவே" என்று ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மறுபயிற்சி சிமுலேட்டரில் நடந்தது. நிஜ காக்பிட்டை அப்படியே பெயர்த்து வைத்த பெட்டி அது. பயிற்சியாளர் அதே மழையையும் அதே பின்காற்றையும் வைத்தார். இடது பக்கம் அதே கேப்டன், வலது பக்கம் நான். ஐந்நூறு அடியில் வேகம் அடங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் எதிரே பார்த்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து "கோ அரவுண்ட்" என்றேன். சார் போடவில்லை.

வார்த்தை முடிவதற்குள் அவர் கை விசைப்பிடியை முன்னால் தள்ளிவிட்டது. மூக்கு மேலே எழுந்தது. ஒரு கேள்வி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. வாழ்நாளெல்லாம் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஏறினார்.

மேலே போய் நிலைக்கு வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"இத்த அன்னிக்கி சொல்லிருந்தீன்னா, அன்னிக்கும் ஏறிகீவேன் நைனா."

அன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் விமானம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் வாயைத் திறந்து சொன்ன இந்த நாளில், பின்னால் ஒரு வெற்றுச் சுவர்தான் இருந்தது.