ஒரு எண்ணெய்க்கு மூன்று பேர்

நான் விற்றது ஒரே எண்ணெய். வாங்கியவர்களைக் கேட்டிருந்தால் மூன்று எண்ணெய் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

செர்காம் என்ற கடற்கரைக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஒரு மலாய்க்காரரிடம் தேங்காய் எண்ணெயைத் தகரத்தில் வாங்குவேன். மலாக்கா டவுனில் நான் குடியிருந்த கடைவீட்டு மாடியில் வைத்து, அதில் மல்லிகை சென்ட் சில சொட்டு விட்டுக் கலக்கி, சின்னப் போத்தல்களில் அடைப்பேன். போத்தலின் மேல் ஒரு லேபிள். இடுப்பு வரை கூந்தல் தொங்கும் பெண் ஒருத்தியின் படம், கீழே தமிழிலும் மலாயிலும் 'தலை எண்ணெய்' என்ற எழுத்து. என் தொழிற்சாலை அவ்வளவுதான். மீதியெல்லாம் வாய்.

இப்போது கோட்டுப் போட்டவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து, எந்தத் தலைமுறைக்கு எப்படி விளம்பரம் செய்வது என்று சுவரில் படம் காட்டிப் பேசுகிறார்களாம். சம்பளமும் வாங்குகிறார்களாம். அந்த வித்தையை நான் அந்தக் காலத்திலேயே சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப்போனேன்.

வயதானவர்களிடம் 'எண்ணெய்' என்ற சொல்லையே எடுக்க மாட்டேன். அவர்களுக்கு அது தைலம். முதலில் உட்கார வேண்டும். பையைத் தொடக்கூடாது. முட்டிவலி எப்படி இருக்கிறது, இருமல் விட்டதா என்று சாவகாசமாக விசாரித்துவிட்டு, குரலைத் தணித்து, "ஊர்ல இருந்து வந்த தைலங்க, எல்லாருக்கும் குடுக்கிறதில்ல" என்று சொல்ல வேண்டும். நடுவயதுப் பெண்களிடம் அது சுத்தமான எண்ணெய். "நாக்குல வச்சுப் பாருங்கக்கா, பச்சப்புள்ள வாயில போனாலும் ஒண்ணும் செய்யாது" என்பேன். இளவட்டங்களிடம் உட்காரவே கூடாது. ஒரு காலை சைக்கிள் பெடலில் வைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து என் தலையை ஒரு வாரு வாரி, "ஹேர் ஆயில்லா, சிங்கப்பூர்ல எல்லாப் பசங்களும் இதத்தான் போடுறாங்க" என்றால் போதும். சிங்கப்பூரை நானே அப்போது பார்த்ததில்லை.

ஒரு சட்டம் மட்டும் வைத்திருந்தேன். வெவ்வேறு வயதுக்காரர்கள் இருவருக்கு ஒரே வாசற்படியில் விற்கக்கூடாது.

அது மலாயாவில் அவசர காலம், வெள்ளைக்கார அரசாங்கம் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட நேரம். காட்டுக்குள் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். அரிசியும் சமையல் எண்ணெயும் டின் மீனும் குடும்பத்துக்கு அளந்துதான் கிடைக்கும். மருந்துக்கும் கட்டுப்பாடு. கம்பிவாசலில் துப்பாக்கியோடு காவல். வெளியாள் உள்ளே போகப் பாஸ் வேண்டும். எனக்கு ஒரு பாஸ் இருந்தது. தலை எண்ணெய்க்குத் தடையில்லை என்பதால் கிடைத்தது. அந்தத் துண்டு அட்டை போனால் என் பிழைப்பே போச்சு. டவுனில் எண்ணெய் விற்க ஆயிரம் பேர் இருந்தார்கள். கம்பிக்குள் நான் ஒருவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் புதிய இன்ஸ்பெக்டர் ஒருவர் நின்றார். வழக்கமான காவல்காரருக்கு நான் ஏற்கெனவே ஓசி எண்ணெய் தேய்த்துத் தலை வாரிவிட்டிருந்தேன், அவர் என்னைப் பார்த்தால் சிரிப்பார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு போத்தலைத் திறந்து மோந்தார். இரண்டு விரலில் தேய்த்தார். பிறகு நான் சற்றும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். நக்கிப் பார்த்தார்.

"மிஞ்ஞா கெலாப்பா" என்றார். தேங்காய் எண்ணெய். மலாக்கா மலாய்க்காரரிடம் போய்த் தேங்காய் எண்ணெயை மறைக்க நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

"ரம்பூட், துவான், ரம்பூட்!" என்று என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

லேபிள் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றார் அவர். என் பாஸை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே இதை வாங்குகிறவர்களைக் கூட்டி வா, என்ன எண்ணெய் என்று அவர்களே சொல்லட்டும் என்று காவல்காரரை அனுப்பினார்.

நான் ஆடிப்போனேன். மலாயில் எல்லாமே மிஞ்ஞாதான். தலைக்குப் போடுவதும் மிஞ்ஞா, மீன் பொரிப்பதும் மிஞ்ஞா. தைலம் என்று ஒருவர் சொன்னால் மருந்துக் கடத்தல். வாயில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் உணவுக் கடத்தல். பாஸ் போவதோடு நிற்காது, உள்ளே தள்ளுவார்கள். நான் சொன்னது எதுவும் என் வாடிக்கையாளர்கள் மண்டையில் ஏறியிருக்கக்கூடாது என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டேன். ஆனால் நான் அரைகுறையாக விற்கிற ஆளில்லையே!

வந்தவர்கள் மூன்று பேர். மூன்றும் மூன்று வயது. ரப்பர் பால் கொட்டாயில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன், ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கும் அக்கா ஒருவர், வேலையை விட்டு வீட்டோடு இருந்த பெரியவர் ஒருவர். தேடிப் பிடித்தாலும் இப்படி அமையாது.

இன்ஸ்பெக்டர் மலாயில் கேட்டார், அவர்களும் தோட்டத்து மலாயில் பதில் சொன்னார்கள். இளைஞனைப் பற்றி எனக்குப் பயமில்லை. அவன் "மிஞ்ஞா ரம்பூட், துவான்" என்று சொல்லி, கேட்காமலே சீப்பை எடுத்து வாரியும் காட்டினான்.

அடுத்தது அக்கா. இதைச் சாப்பிடலாமா என்று அவரை நேராகவே கேட்டார் இன்ஸ்பெக்டர். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சீ!" என்றார் அக்கா. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தலையில் தேய்க்கிறதை எந்தப் பைத்தியமாவது வாயில் வைக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டபோது முகம் சுளித்த சுளிப்பில், எனக்கே அந்த எண்ணெய்மேல் அருவருப்பு வந்துவிட்டது.

கடைசியாகப் பெரியவர். அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. வெயிலில் பளபளவென்று நின்றார். இன்ஸ்பெக்டர் அந்தத் தலையையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியவர் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. போத்தலை வாங்கி, உள்ளங்கையில் ஊற்றி, வழுக்கையில் சளப்பென்று அப்பித் தேய்த்தார். "மிஞ்ஞா ரம்பூட்" என்றார்.

"ரம்பூட் மானா?" முடி எங்கே என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

பெரியவர் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "பெலும், துவான்" என்றார்.

இன்னும் வரவில்லை, ஐயா.

முதலில் காவல்காரர்தான் சிரித்தார். அவர் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு குலுங்குவதைப் பார்த்து இன்ஸ்பெக்டருக்கும் அடக்க முடியவில்லை. பாஸ் என் கைக்குத் திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். முன்னந்தலை அவருக்கும் ஏறித்தான் இருந்தது. போகும்போது இரண்டு போத்தலை எடுத்துக்கொண்டார். கவர்மெண்டு என்று ஒரு நான்காவது வயதுக்காரரும் எனக்கு வாடிக்கையானார்.

அந்த மூன்று பேரோடும் லயத்துக்கு நடக்கும்போது எனக்குக் கர்வம் வந்துவிட்டது. சமயம் பார்த்துக் காப்பாற்றினார்களே, என் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு!

"தாத்தா, முட்டிக்குத் தைலம்னுதானே குடுத்தேன். எப்படித் தலைன்னு சொல்லத் தோணுச்சு?"

"எந்தத் தைலம்?" என்றார் பெரியவர். "தேங்காயெண்ணெய் வாசம் தெரியாமலா இத்தன வயசு ஆச்சு? சாமி வெளக்குக்கு ஊத்துறேன். நல்லா நின்னு எரியுது."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ரேஷன்ல குடுக்கிற எண்ணெய் பாதி வாரம்கூட வர மாட்டேங்குது தம்பி. உன் எண்ணெயிலதான் பொரிக்கிறேன். அந்த சென்ட்ட மட்டும் கொஞ்சம் கொறைச்சு ஊத்துலா. கருவாடு மல்லியப்பூ மணக்குது, வீட்டுக்காரரு என்னையச் சந்தேகமாப் பாக்குறாரு."

நான் கடைசி நம்பிக்கையாக இளைஞனைப் பார்த்தேன். அவன் தலை மினுமினுவென்று இருந்தது.

"இது டவுன்ல வாங்குன கிரீம்ணே" என்றான் அவன் கூச்சத்தோடு. "உங்க ஆயில் சைக்கிள் செயினுக்குப் போடுறேன். சத்தமே வர்றதில்ல."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. மாடியில் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாகக் குரலைப் பழகியவன் நான். "அப்ப வாரா வாரம் நான் தொண்ட வத்தக் கத்துனதெல்லாம் என்ன? எதுக்கு அதக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க? எண்ணெய்ன்னு சொல்லி வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?"

அக்கா நின்றார். விளையாட்டுப் பேச்சு அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

"கம்பிக்குள்ள என்ன தம்பி இருக்கு? படம் காட்டுற லாரி வர்றதில்ல. கூடப் பொறந்தவன் வர்றதுக்குப் பாஸ் கேக்குறான். பொழுது சாஞ்சா வெளிய கால் வைக்கக்கூடாது. வாரத்துல ஒருநாள் அந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தன் வந்து, ஒக்காந்து, ஒடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறான். நீ போனப்புறம் யார்கிட்ட என்ன புளுகுனேன்னு மூணு வீட்டுக்காரங்களும் சேந்து பேசிச் சிரிப்போம். அந்தச் சிரிப்பு ரெண்டு நாளைக்கு வரும். இன்னைக்கு அந்த ஆளு உன் பாஸப் பைக்குள்ள போட்டுட்டான்னு காவக்காரரு வந்து சொன்னப்ப, எண்ணெய் போச்சேன்னா நாங்க ஓடி வந்தோம்?"

கண்ணில் சென்ட் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அதையும் அவர்கள் நம்பவில்லை.

பெரியவர் தன் வீட்டு வாசலில் ஒரு பலகையை இழுத்துப் போட்டார். "ஒக்காரு. டவுன்ல என்ன நடக்குது, சொல்லு" என்றார்.

மூன்று பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பையை நான் திறக்கவே இல்லை. வெளியாட்கள் கிளம்பச் சொல்லி வாசலில் விசில் அடிக்கும்வரை மலாக்கா முழுவதையும் அவர்களுக்குச் சொன்னேன். அதில் பாதி உண்மை.